ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்த துப்பாக்கி

சிங்காரவேலுவின் வலது கையில் ஐப்பசியிலிருந்து துப்பாக்கி இருந்தது. அதைக் கீழே வைக்க முடியவில்லை. காரணம், அதற்கு உறை இல்லை. உறை இல்லாத துப்பாக்கியை மேசை ஏற்றுக்கொள்ளாது. பீரோவும் அப்படித்தான். வைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி கையில் இருக்கும்.

இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எடுத்த துப்பாக்கி தன் சொந்த உறைக்குள்தான் இறங்கும் என்பது ஊரறிந்த நடப்பு. வங்கி வாசலில் நிற்கும் வேலை கிடைத்த அன்று அதைக் கையில் கொடுத்தார்கள். குண்டு கிடையாது என்றார்கள். உறை அடுத்த வாரம் வரும் என்றார்கள். அடுத்த வாரம் வந்தது, உறை வரவில்லை.

சிங்காரவேலு சாதுவான ஆள். துப்பாக்கி யாரையும் பார்த்துவிடக் கூடாது என்று அதை எப்போதும் வானத்தை நோக்கியே பிடித்திருப்பான். அதனால் தெருவுக்குக் காக்கை வருவது நின்றுபோனது. அமாவாசையன்று தெருவே மொட்டைமாடியில் சோற்றை வைத்துவிட்டுக் கத்திப் பார்த்தது. ஒரு காக்கையும் இறங்கவில்லை. காக்கை எடுக்காமல் யாரும் சாப்பிட உட்கார முடியாது. சிங்காரவேலு பஸ் பிடித்துப் பூந்தமல்லிக்குப் போய் உட்கார்ந்திருந்த பிறகுதான் தெரு சாப்பிட்டது.

பால் வாங்கப் போனால், வரிசையில் நிற்பவர்கள் மரியாதையாக இரண்டு கைகளையும் தூக்கிவிடுவார்கள். "சும்மா இருங்கண்ணே, நம்ம வேலுதான்," என்று கெஞ்சுவான். ஒருவரும் கையை இறக்க மாட்டார்கள். பால்தான் கொட்டும்.

அவன் அக்கா தில்லைநாயகி துப்பாக்கி உறை தைப்பவள். பெரியமேட்டில் அவளுக்கு நல்ல பெயர். ஊர்க்காரன் துப்பாக்கிக்கெல்லாம் உறை தைத்தவளுக்குத் தம்பியின் துப்பாக்கிக்கு ஒன்று அமையவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

உறை தைப்பது ஒன்றும் மந்திரமில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலாக இருக்க வேண்டும். குரோம் தோல் சொன்ன பேச்சைக் கேட்காது. தோலைத் தண்ணீரில் நனைத்து, டம்மி துப்பாக்கியைச் சுற்றிப் போர்த்தி, கட்டைவிரலாலும் கொம்புத் துண்டாலும் அழுத்திக்கொண்டே வர வேண்டும். விசைக்கு ஒரு மேடு, குழலுக்கு ஒரு பள்ளம் என்று தோல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொள்ளும். காய்ந்தபின் மறக்காது. ஈரத்தோலில் நிஜத் துப்பாக்கியை வைத்தால் துருப்பிடித்துவிடும். அதற்குத்தான் டம்மி. தம்பியின் துப்பாக்கியை வைக்கவே வழியில்லை, அவன் கையும் சேர்ந்து உறைக்குள் போய்விடும்.

சரியான உறையில் துப்பாக்கி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு தில்லை உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து ஓர் உதறு உதறுவாள். விழவில்லை என்றால்தான் கடைக்குப் போகும். தம்பிக்குத் தைத்த உறைகள் எதிலும் அந்தச் சத்தம் வரவில்லை. பாதி இறங்கும், பிறகு உள்ளே ஏற்கெனவே யாரோ குடியிருப்பதுபோல நின்றுவிடும்.

துப்பாக்கியின் அளவு ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதுதான் சிக்கல். எதிரே ஒருவர் கையைத் தூக்கினால் அது ஒரு விரற்கடை நீளும். கூட்டமாகத் தூக்கினால் முழம்கூட ஆகும். தனியாக இருக்கும்போது சுருங்கி, சோர்ந்து, ஜலதோஷம் பிடித்ததுபோல இருக்கும். எந்த அளவுக்கு டம்மி வாங்குவது என்று தில்லைக்குப் பிடிபடவில்லை.

சிங்காரவேலுவுக்கு நிச்சயமான பெண்ணின் அப்பா தணிகாசலம் ஒரு காலையில் வந்தார். தைப்பு மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். சிங்காரவேலு பக்கத்தில் நின்றதால் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டே பேசினார்.

"எனக்கு மாப்பிள்ள மேல ஒரு கொறையும் இல்லம்மா. தாலி கட்டறப்ப கையில அது இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

"அதுல குண்டே இல்லீங்க," என்றாள் தில்லை.

"குண்டு இல்லன்றது போட்டோல தெரியாதும்மா. ஆல்பம் பாக்கறவன் இன்னா சொல்வான்? பொண்ண மெரட்டிக் கட்டிக்கினான்னுதான சொல்வான்."

"அடுத்த முகூர்த்தத்துக்கு வச்சிக்கலாங்களா?"

"அடுத்த முகூர்த்தம் இங்க இல்ல. விசாரிச்சிட்டேன். ஆந்திராவுக்குப் போயிடுச்சாம்."

கைகளைத் தூக்கியபடியே விடைபெற்றுக்கொண்டார். வாசல்படியில் செருப்பை மாட்டும்போதுகூட இறக்கவில்லை.

ஆந்திராவுக்குப் போன முகூர்த்தம் திரும்பி வருவதற்குள் அவர் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவார். முப்பத்தெட்டு வயதில் தம்பிக்கு ஒரு பெண் அமைந்திருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவன் குளிக்கும்போது பாடுகிறான். முதல் முடிச்சை அவன்தான் போட வேண்டும், அதற்கு இரண்டு கைகள் வேண்டும். அடுத்த இரண்டும் நாத்தனார் முடிச்சு. அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. தில்லை போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக இதுவரை செய்தி இல்லை.

"அக்கா," என்றான் சிங்காரவேலு. "இடது கையால கட்டிப் பழகட்டுமா?"

"வாய மூடுடா," என்று சொல்லிவிட்டுத் தில்லை கரீமுல்லா பாய் கடைக்குக் கிளம்பினாள்.

டம்மி துப்பாக்கி விற்பது பாய் ஒருவர்தான். கடை இரண்டாவது மாடியில் இருந்தது. படியேறிய பிறகு கடைவரைக்கும் ஒரு நடைக்கூடம் உண்டு. வருகிறவரின் அவசரத்தைப் பொறுத்து அது நீளும். தில்லை ஒன்றும் அவசரமில்லாதவள்போல வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டு மெதுவாக நடந்தாள். நடை ஏமாறவில்லை. பாதி வழியில் ஒரு டீக்கடை வந்தது. டீ குடித்துவிட்டு மேலே நடந்தாள்.

பாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடைக்கு அந்த ஒரு ஜன்னல்தான். அதன் கதவு கீழிறங்கிவிடாமல் ஏதோ ஒரு கட்டை முட்டுக்கொடுத்து நின்றது.

"எந்த நேரத்துத் துப்பாக்கிமா?" என்று கேட்டார் பாய்.

"காலையில ஒம்பதுக்கும் பத்தரைக்கும் நடுவுல."

"அந்த நேரத்துக்கு டம்மி வர்றதில்ல. அப்ப எல்லாரும் நாஸ்தா துன்னுகினு இருப்பாங்க. எவன் துப்பாக்கி எடுக்கப் போறான்?"

"முகூர்த்தம் பாய்."

"அப்ப நீயே பாத்து எடு," என்று அலமாரியைக் காட்டினார்.

தில்லை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவள் டம்மியைத் தேர்ந்தெடுக்கும் விதம் தனி. முதலில் நகத்தால் தட்டுவாள். மர டம்மியைத் தட்டினாள். உள்ளிருந்து, "யாரு?" என்று ஒரு குரல் கேட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள். எப்படியும் மரம் ஈரத்தில் ஊதிவிடும்.

ரப்பர் டம்மியை அழுத்தினாள். அழுத்திய பக்கமெல்லாம் வளைந்து கொடுத்தது. எதைச் சொன்னாலும் ஆமாம் போடும் ரகம். தோல் காய்வதற்குள் அதைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும். வேண்டாம்.

அலுமினிய டம்மி கனமாக இருந்தது, கூர்மையாக இருந்தது, குழலின் நுனியில் குறிபார்க்கும் மேடுகூட அளவாக இருந்தது. தில்லைக்குப் பிடித்துப்போனது. அதை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

கண்டக்டர் பைக்குள் எட்டிப் பார்த்தார். "டம்மியா?"

"ஆமாங்க."

"டிக்கெட் எடுக்கணும்."

"நெஜத் துப்பாக்கிக்கு?"

"அதுக்கு வேணாம். அது எறங்க வேண்டிய எடம் அதுக்குத் தெரியும்."

டிக்கெட் எடுத்தாள். கண்டக்டர் டம்மியைப் பார்த்து லேசாக இரண்டு கைகளையும் தூக்கினார். பைக்குள் டம்மி கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போதே தில்லைக்குச் சந்தேகம் வந்தது. தன்னை நிஜமென்று நம்பிவிட்ட டம்மி உறைக்கு ஆகாது.

நினைத்ததுபோலவே ஆயிற்று. வீட்டில் சிங்காரவேலுவின் துப்பாக்கியும் அலுமினிய டம்மியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்று ஒரு விரற்கடை நீண்டது. இன்னொன்றும் நீண்டது. தில்லை தோலைப் போர்த்தி அழுத்த அழுத்த இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. காய்ந்த உறை ஒரு குடை வைக்கும் அளவுக்கு இருந்தது. அதில் குடையை வைத்தார்கள். டக் என்றது. அது யாருக்கும் ஆறுதலாக இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மேகலா வந்தாள். மணப்பெண். பல் செட்டுக்கு அச்சு எடுக்கும் கடையில் வேலை பார்ப்பவள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வரக் கூடாது என்பார்கள். அவள் வந்தாள். ஊரில் சிங்காரவேலுவைப் பார்த்துக் கையைத் தூக்காத ஒரே ஆள் அவள்தான். வந்தவள் கைப்பையை மாட்ட ஆணி தேடினாள். ஆணி இல்லை. சிங்காரவேலுவின் துப்பாக்கிக் குழலில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். சிங்காரவேலு வெட்கப்பட்டு அசையாமல் நின்றான். துப்பாக்கியும் நீளாமல், சுருங்காமல் நின்றது.

தில்லை அதைக் கவனித்தாள்.

"அப்பா சொன்னத மனசுல வச்சிக்காதீங்க அண்ணி," என்றாள் மேகலா. "எனக்கு இவரு துப்பாக்கியோட வந்தாலும் சரி, ஏணியோட வந்தாலும் சரி. அப்பாவுக்குத்தான் ஆல்பம் கவல."

"எந்த டம்மியும் அமையமாட்டேங்குதுமா. எல்லாம் வெறப்பா நிக்கிது."

மேகலா யோசித்தாள். "எங்க கடையிலயும் இதே கததான் அண்ணி. வாயத் தொறங்க, அச்சு எடுக்கப் போறோம்னு சொன்னா எல்லாரும் போட்டோவுக்கு இளிக்கற மாதிரி இளிப்பாங்க. அந்த அச்சுல செஞ்ச பல்லு அவங்களுக்கே சேராது. நாங்க மொதல்ல பேச்சுக் குடுப்போம். பையன் எந்த ஊர்ல இருக்கான், மருமவ எப்படின்னு. மருமவளத் திட்டிக்கினு இருக்கறப்ப எடுக்கற அச்சுதான் கரெக்டா இருக்கும்."

தில்லை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். பார்க்கப்படுகிறோம் என்று தெரியாத டம்மி ஒன்று வேண்டும். அப்படி ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள். அலமாரியில் அல்ல.

இந்த முறை நடையில் டீக்கடையைத் தாண்டி ஒரு தபால்பெட்டியும் ஒரு மாவு மில்லும் வந்திருந்தன. தில்லை எதிலும் நிற்கவில்லை. கடைக்குள் நுழைந்ததும் ஜன்னலைக் காட்டினாள்.

"அது வேணும் பாய்."

பாய் திரும்பிப் பார்த்தார். முட்டுக்கொடுத்து நின்ற அந்தக் கட்டையும் ஒருகாலத்தில் டம்மி துப்பாக்கிதான். வெயிலில் வெளுத்து, முனை மழுங்கி, விசை தேய்ந்து வெறும் வளைவாக ஆகியிருந்தது. கதவின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு அது தன் வேலையில் மும்முரமாக இருந்தது. யாரையும் பார்க்கவில்லை.

"அது டம்மியோட டம்மிமா. பழைய டம்மி ஒண்ணப் பாத்துச் செஞ்சது. அது விக்கிறதுக்கு இல்ல."

"திருப்பிக் குடுத்துடறேன்."

"எடுத்தா ஜன்னல் மூடிக்கும். ஜன்னல் மூடிக்கினா கடையும் மூடிக்கும். நான் எங்க குந்துவேன்?"

"கல்யாணத்துக்கு வந்து குந்துங்க."

பாய் தாடியைத் தடவினார். "பாயசம் இருக்கா?"

"சேமியா ஒண்ணு, பருப்பு ஒண்ணு."

"எட்துக்கோ," என்றார் பாய்.

தில்லை அதை உருவினாள். ஜன்னல் கதவு இறங்கியது. அலமாரிகள் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கின. நடை முழுவதும் ஒரு ஜமக்காளம்போலச் சுருண்டுகொண்டது. தில்லையும் பாயும் தெருவில் நின்றார்கள். பாய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மண்டபம் எந்தப் பக்கம் என்று விசாரித்தார்.

அன்று சாயங்காலமே தில்லை தோலை நனைத்தாள். முட்டுக்கட்டை மேசைமேல் கிடந்தது. தாங்க ஜன்னல் இல்லாததால் முதலில் கொஞ்சம் தவித்தது. மேகலா சொன்னது நினைவுக்கு வர, தில்லை பேச்சுக் கொடுத்தாள். மழையில் ஜன்னல் கதவு எவ்வளவு கனக்கும் என்று கேட்டாள், காற்றடித்தால் இடுப்பு வலிக்குமா என்று கேட்டாள். பேசிக்கொண்டே அழுத்தினாள். தோல் சத்தமில்லாமல் படிந்தது. ஓரத்தை மெழுகு நூலால் தைத்து முடித்தபோது அவளுக்கு நம்பிக்கை வந்திருந்தது. ஈரம் மட்டும்தான் போகவில்லை. உறை காய ஒரு முழுநாள் வேண்டும். காய்வதற்குள் உள்ளிருக்கும் டம்மியை உருவினால் எல்லாம் வீண். முகூர்த்தமோ காலையில்.

மண்டபத்துக்கு உறையை ஈரத்தோடுதான் கொண்டுபோனாள். மணமேடை ஓரத்தில், மின்விசிறி நேராக அடிக்கும் இடத்தில் ஒரு தாம்பாளம் இருந்தது. அதில் டம்மியோடு சேர்த்து உறையை வைத்துவிட்டு, தம்பியின் வேட்டியைச் சரிசெய்யப் போனாள். வலது கையில் துப்பாக்கி இருப்பவனுக்கு வேட்டி நிற்காது.

திரும்பி வந்தபோது தாம்பாளம் இல்லை.

அது தாலி வைத்த தாம்பாளம். தேங்காய்மேல் தாலி இருந்ததை அவள் பார்க்கவில்லை. மேகலாவின் சித்தி அதைத் தூக்கிக்கொண்டு ஆசீர்வாதத்துக்குக் கிளம்பிவிட்டாள். தாலி கட்டுவதற்கு முன் சபையில் எல்லோரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தாலியோடு தோலில் ஏதோ வைத்திருக்கிறார்களே, மாப்பிள்ளை வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று சித்தி நினைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது.

ஈரத்தோல் தொட்டதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் வரிசை தொட்டது. இரண்டாவது வரிசை தொட்டது. சிலர் தாலியை மெதுவாகத் தொட்டு உறையை நன்றாக அழுத்தினார்கள். ஒரு பெரியவர் பிசைந்தே பார்த்தார். தாம்பாளம் பந்திக் கூடத்துக்குப் போனது. சமையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டார். நாதஸ்வரக்காரர் ஒரு கையால் வாசித்துக்கொண்டே தொட்டார். பக்கத்து மண்டபத்தில் நடந்த வேறொரு கல்யாணத்துக்கும் அது போய் வந்தது. மூச்சுவிடாமல் தொட்டவர் யாருமில்லை, எல்லோருடைய மூச்சும் அதன்மேல் பட்டது.

புரோகிதர் கெட்டிமேளத்துக்கு விரலை உயர்த்தும் நேரத்தில் தாம்பாளம் மேடைக்கு வந்தது. தேங்காய் இருந்தது, தாலி இருந்தது, உறை இருந்தது. டம்மி இல்லை. தில்லை பந்திப் பக்கம் பார்த்தாள். கரீமுல்லா பாய் முதல் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். டம்மி அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தது. அதற்கும் ஓர் இலை போட்டிருந்தார்கள்.

அவள் உறையைக் கையில் எடுத்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. அவள் அழுத்திய அழுத்தம் எதுவும் அதில் மிச்சமில்லை. மேலும் கீழும் விரல் பதிவுகள், எல்லாம் விரல் பதிவுகள். துப்பாக்கி உறை என்று சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

"நேரமாச்சு," என்றார் புரோகிதர்.

"வைடா," என்றாள் தில்லை. உறையின் வாயை அவன் பக்கம் நீட்டினாள்.

சிங்காரவேலு துப்பாக்கியை இறக்கினான். சபையில் எல்லோரும் வழக்கப்படி இரண்டு கைகளையும் தூக்கப் போனார்கள். துப்பாக்கி நீளத் தொடங்கியது. பிறகு உறையின் வாயை முகர்ந்ததுபோல ஒரு கணம் நின்றது. உள்ளே இறங்கியது.

டக்.

தூக்கிய கைகளில் அட்சதை இருந்தது. எல்லாம் மேடைமேல் கொட்டியது. கெட்டிமேளம் முழங்கியது. தில்லைக்கு முடிச்சுப் போட இரண்டு கைகளும் வேண்டியிருந்ததால் துப்பாக்கியும் உறையுமாக அருகில் நின்றவரிடம் நீட்டினாள். அது தணிகாசலம். அவர் அதை வாங்கிப் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர் எடுத்தார். கையில் துப்பாக்கியோடு பெண்ணின் அப்பா நிற்க, மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டும் அந்தப் படம்தான் ஆல்பத்தில் முதலாவதாக இருக்கிறது.

சிங்காரவேலுவின் விரல்கள் நிமிரவில்லை. ஐப்பசியிலிருந்து மடங்கியிருந்தவை அப்படியே மடங்கியிருந்தன. அந்த விரல்களோடு தட்டுத்தடுமாறி, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் முடிச்சைப் போட்டுவிட்டான். மற்ற இரண்டையும் தில்லை போட்டாள். மெழுகு நூல் இழுத்துப் பழகிய கை என்பதால் மேகலா, "மெதுவா அண்ணி," என்றாள்.

அக்கினியைச் சுற்றி வரப் புரோகிதர் சொன்னார். பெண்ணின் சுண்டுவிரலை மாப்பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டும். சிங்காரவேலு தன் வலது கையைப் பார்த்தான். அது காலியாக, வளைந்து, எதையோ பிடித்திருப்பதுபோலவே நின்றது. நிமிர்த்திப் பார்த்தான். வரவில்லை. அவன் முகம் சுருங்குவதைப் பார்த்துத் தில்லை மேடையை விட்டு இறங்காமல் நின்றாள்.

"அப்படியே இருக்கட்டும்," என்றாள் மேகலா. "ஆட்டாதீங்க."

அவள் தன் சுண்டுவிரலை அந்த வளைவுக்குள் வைத்தாள்.

நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது, பாத்திரங்கள் உருண்டன, குழந்தைகள் அழுதன. அத்தனையையும் மீறித் தில்லையின் காதில் அது விழுந்தது. டக்.

மூன்று சுற்றும் சுற்றினார்கள். கடைசிச் சுற்றில் தில்லைக்கு எதிரே வந்ததும் மேகலா நின்றாள். நாத்தனாரைப் பார்த்துக்கொண்டே, கோத்திருந்த இரண்டு கைகளையும் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, ஓர் உதறு உதறிக் காட்டினாள்.

விழவில்லை.